ஆலயத்துக்குப் போகிறோம், காணிக்கை கொடுக்கிறோம், அதற்குமேல் என்ன? விசுவாச வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. சிலர் சத்தமாகக் கேட்கிறார்கள். பலர் கூட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது தணிந்த குரலில் கேட்கிறார்கள். நான் போதகர் அல்ல, சபையில் வேதபாடம் நடத்தும் ஒரு விசுவாசி. வசனங்களை நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். கையில் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

இயேசு வந்தபின் நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், முடிந்துவிட்டது அல்லவா? பிறகு எதற்குக் கட்டளை, ஒழுங்கு என்று பேசுகிறீர்கள்?

"அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன்" என்று ஆண்டவரே மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 5:17). விருத்தசேதனத்தை யூதரல்லாத விசுவாசிகள்மேல் சுமத்தக்கூடாது என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் முடிவெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 15). அந்த முடிவால்தான் நாமெல்லாம் இன்று சபைக்குள் இருக்கிறோம். ஆனால் தேவனிடத்தில் அன்புகூருவதும் பிறனை நேசிப்பதும் எங்கிருந்து வந்தன? முதலாவது உபாகமம் 6:5. இரண்டாவது லேவியராகமம் 19:18. இரண்டும் மோசேயின் சட்டப் புத்தகங்களில் இருப்பவை.

லேவியராகமம் என்றாலே ஆடு, மாடு, இரத்தம், குஷ்டம் என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். 19ஆம் அதிகாரத்தை மட்டும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அறுவடையில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நியனுக்கும், உரியது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே. தராசும் படிக்கல்லும் சரியாயிருக்கட்டும். இதை வறட்டுச் சட்டம் என்று யார் சொல்ல முடியும்?

சட்டத்துக்கும் அன்புக்கும் ஆதியிலிருந்தே பகை என்று நினைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்திலுள்ள மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தப்பிப்போகும்.

அப்படியானால் இயேசு எதைத்தான் கண்டித்தார்?

மத்தேயு 23:23இல், நியாயப்பிரமாணத்தைக் கற்பித்த வேதபாரகரையும் அதைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரையும் பார்த்து அவர் சொன்னது: "நீங்கள் ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நியாயப்பிரமாணத்தில் கற்பித்திருக்கிற விசேஷித்தவைகளாகிய நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள்." அடுத்த வாக்கியத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்: "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்."

சீரகத்தில் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்தது குற்றமில்லை. அதைக் கொடுத்ததாலேயே தேவனிடம் கணக்கு தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனதுதான் குற்றம். நமக்கும் இதேதான் நடக்கிறது. நமக்குச் செலவு வைக்காத விஷயங்களில் மிகக் கண்டிப்பாக இருக்கிறோம்: யார் நகை போட்டிருக்கிறார்கள், யார் ஜெபத்தில் முக்காடு போடவில்லை, யார் லெந்து என்னும் தவக்காலத்தில் கல்யாணம் வைத்தார்கள். நம் சொத்தையும் சாதியையும் கௌரவத்தையும் தொடுகிற விஷயங்களில் ஊமையாகிவிடுகிறோம். தமிழ்ச் சபைகளின் பெரிய நோய் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

பரிசேயர்கள் எல்லாரும் மாயக்காரர்களா?

இல்லை. இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு பரிசேயர். அப்போஸ்தலர்களைக் கொல்ல வேண்டாம் என்று ஆலோசனை சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேல் பரிசேயர். பவுலும் பரிசேயர். பலிகளைவிட அன்புகூருவதே பெரிது என்று சொன்ன ஒரு வேதபாரகனை "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்று இயேசுவே பாராட்டினார் (மாற்கு 12:34). பிரசங்கங்களில் பரிசேயர் என்ற பெயரை யூதர்கள்மேல் வசையாக எறியும் பழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் யூதர்களை வதைப்பதற்குத் துணைபோனது. அந்த அதிகாரம் நம்மைப் பார்த்து எழுதப்பட்டது என்று வாசிப்பதே நேர்மை.

விசுவாசமா, கிரியையா? பவுல் ஒன்று சொல்கிறார், யாக்கோபு வேறொன்று சொல்கிறாரே?

இருவரும் வெவ்வேறு ஆட்களிடம் பேசுகிறார்கள். தன் நற்செயல்களைக் காட்டித் தேவனிடம் உரிமை கொண்டாடுகிறவனிடம் பவுல் பேசுகிறார். "நான் விசுவாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உடுக்க வஸ்திரமில்லாமல் நிற்கிற சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிடுகிறவனிடம் யாக்கோபு பேசுகிறார் (யாக்கோபு 2:15-17). பவுலே கலாத்தியர் 5:6இல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று எழுதிவிட்டார். அதற்குமேல் சண்டைக்கு இடமில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கை இதைப் புரிந்துகொள்ள உதவும். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே நண்பர்களோடு கூடி வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், ஒழுங்கான ஜெபம், சிறைக்கைதிகளைச் சந்திப்பது என்று நேரம் பிரித்து வாழ்ந்தவர். குருப்பட்டம் பெற்றிருந்த அவர், அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போய், மனம் உடைந்து திரும்பினார். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, கிறிஸ்து தனக்காகவே மரித்தார் என்ற நிச்சயம் அவருக்குள் வந்தது. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் உபவாசத்தையும் ஒழுங்கையும் விட்டுவிடவில்லை என்பதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் குதிரையில் ஊர் ஊராகப் போனார், சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார், வருமானத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தே தீர்த்தார், அடிமை வியாபாரத்தை எதிர்த்தார். 1738க்கு முன் தேவன் தன்னை ஏற்கவேண்டுமே என்ற பயத்தில் செய்தவற்றை, ஏற்கப்பட்டுவிட்ட நன்றியில் அதன்பின் செய்தார்.

கிருபை இருக்கிறதே! எப்படி வாழ்ந்தாலும் மன்னிப்பு உண்டுதானே?

ரோமர் 6ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே பவுல் இதைக் கேட்டு, "கூடாதே" என்று பதிலும் சொல்லிவிட்டார். ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிந்துபோன ஜெர்மன் சபைகளைப் பார்த்து போன்ஹோஃபர் என்ற லூத்தரன் போதகர், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை "மலிவான கிருபை" என்று அழைத்தார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். சட்டத்தைச் சுமையாக்குவது ஒரு பக்கம் என்றால், கிருபையைச் சாக்காக்குவது மறுபக்கம். இரண்டிலும் பாதிக்கப்படுவது பக்கத்தில் இருக்கிறவன்.

ஞாயிறு ஆராதனைக்கு ஒரு வாரம் போகாவிட்டால் பாவமா?

மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்த செவிலியரும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தனியே விட முடியாத மருமகளும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது." மாமியாருக்குக் கஞ்சி கொடுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். சோம்பலால் போகாமலிருப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற எபிரெயர் 10:25 அவர்களுக்கு இருக்கிறது.

தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபமா?

இந்தக் கேள்வி பல குடும்பங்களை உண்மையிலேயே துன்புறுத்துகிறது. அதனால் கொஞ்சம் விரிவாக.

இஸ்ரவேலில் தசமபாகம் என்பது தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு ஆகியவற்றில் பத்தில் ஒன்று. சொந்த நிலமில்லாத லேவியர்களின் பிழைப்புக்காக அது ஏற்பட்டது (எண்ணாகமம் 18). உபாகமம் 14இன் கடைசியில் இன்னொன்று இருக்கிறது: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பங்கை உன் ஊர் வாசலிலேயே வை, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடையட்டும். உங்கள் சபையின் வருடாந்திர வரவுசெலவில் இந்த நான்கு பேருக்கும் எவ்வளவு போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

தசமபாகம் என்றதும் மல்கியா 3:8-10 வாசிக்கப்படும். மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா, வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற பகுதி. அதே அதிகாரத்தில் சற்று முன்னே 5ஆம் வசனம் இருக்கிறது. பொய்யாணை இடுகிறவர்களோடு சேர்த்து, கூலிக்காரனின் கூலியிலும் விதவைகளுக்கும் திக்கற்றவர்களுக்கும் அநியாயம் செய்கிறவர்களுக்கும், பரதேசிக்கு நியாயத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் விரோதமாகத் தானே சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். எட்டாம் வசனத்தைக் காணிக்கை எடுக்கும்முன் வாசிக்கிறவர்கள் ஐந்தாம் வசனத்தையும் வாசிக்கட்டும்.

புதிய ஏற்பாட்டுச் சபைகளிடம் பவுல் பணம் கேட்டபோது, எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகக் கேட்டார். சதவீதம் சொல்லவில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்றார் (2 கொரிந்தியர் 9:7).

என் கருத்தைக் கேட்டால், பத்தில் ஒன்று என்பது நல்ல பழக்கம். வசதியுள்ளவர்களுக்கு அது தொடக்கம். அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. ஆனால் கந்துவட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரைக்கான பணத்தை உறையில் வைத்து ஊழியத்துக்கு அனுப்பாதீர்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7இல் வாசியுங்கள். கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு நோய் வரும் என்று மிரட்டும் ஊழியர் எவரானாலும் அவர் நற்செய்தியைச் சொல்லவில்லை. அவரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

லெந்து நாட்களில் நாற்பது நாளும் அசைவம் தவிர்க்கிறோம். அதில் என்ன குறை?

குறை எதுவுமில்லை. தொடருங்கள். கூடவே ஏசாயா 58ஐ வாசியுங்கள். "நாங்கள் உபவாசம் பண்ணும்போது நீர் ஏன் பார்க்கவில்லை" என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாச நாளிலேயே உங்கள் இச்சைப்படி நடந்து, வேலைக்காரரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறீர்களே என்று கர்த்தர் பதில் சொல்கிறார்.

பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். மும்மணி தியான ஆராதனைக்கு வீட்டில் எல்லாரும் வெள்ளை உடுத்திப் புறப்படுகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குள் கோவிலில் இருக்க வேண்டும். அடுப்படியில் வீட்டுவேலை செய்யும் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கும் அவருக்கு விடுமுறை இல்லை. ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சியும் துவையலும் தயாராக இருக்க வேண்டும். போன மாதச் சம்பளத்தில் பாதி இன்னும் பாக்கி. "போதகர் ஐயர் வந்துவிடுவார், திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டம்மா கிளம்புகிறார். சிலுவையில் தொங்கினவர் "தாகமாயிருக்கிறேன்" என்றதைப் பற்றி இருபது நிமிடம் செய்தி கேட்டுக் கண்ணீரும் விடுகிறார். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சம்பளத்தை வியாழக்கிழமையே கொடுத்து, வெள்ளிக்கிழமை விடுப்பும் கொடுத்திருந்தால் அந்த வீட்டின் உபவாசம் ஏசாயா சொன்ன உபவாசமாக இருந்திருக்கும்.

உபவாசிப்பதை ஊரறியச் சொல்லாதிருப்பது பற்றி மத்தேயு 6:16-18இல் இருக்கிறது. அதை விளக்கத் தேவையில்லை.

நகை போடலாமா? சினிமா பார்க்கலாமா? பூ வைக்கலாமா?

சபைக்குச் சபை பதில் மாறும். எளிமை நல்லது. நகையைக் கழற்றியவர் கழற்றாதவரை இளக்காரமாகப் பார்க்கத் தொடங்கினால் நகையைவிடப் பெரிய அலங்காரம் ஒன்றை அணிந்துகொண்டார் என்று பொருள். ரோமர் 14 முழுவதும் இதற்காகவே எழுதப்பட்டது.

"அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், பந்தியில் சேரக்கூடாது என்று பயந்து பல மாதங்களாக நான் திருவிருந்து எடுக்கவில்லை. சரியா?

1 கொரிந்தியர் 11ஐ 27ஆம் வசனத்திலிருந்து தொடங்கி வாசிப்பதால் வரும் பயம் இது. 17ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். கொரிந்துவில் நடந்தது என்ன? திருவிருந்து அப்போது ஒரு முழு உணவோடு சேர்ந்தே நடந்தது. வசதியானவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்தித் தின்று குடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கேட்கிறார். அபாத்திரமாய்ப் பானம்பண்ணுகிறதைப் பற்றிய எச்சரிக்கை அந்தச் சூழலில் வருகிறது.

ஆகவே, பாவத்தோடு போராடி அழுகிறவர் வரட்டும். அந்த மேஜை அவருக்காகத்தான். சகோதரனோடு கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டு, பக்கத்து வரிசையில் இருக்கும் அவன் முகத்தைப் பார்க்காமல் முழங்காலிடுகிறவர்தான் தன்னைச் சோதித்தறிய வேண்டும். அவருக்கு மத்தேயு 5:23-24 வழியும் சொல்கிறது: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகு.

நாங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் கல்யாணம் மட்டும் நம்ம ஆட்களுக்குள்தான். இது குடும்ப வழக்கம், இதற்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. சட்டமா விசுவாசமா என்ற கேள்வி முதல் நூற்றாண்டில் வெடித்ததே ஒரு சாப்பாட்டுப் பந்தியில்தான். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகினார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பர்னபாவும் இழுப்புண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே பேதுருவை எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). பேதுரு எந்த உபதேசத்தையும் மறுதலிக்கவில்லை. எழுந்து வேறு பந்தியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை இல்லை என்று பவுல் தீர்ப்புச் சொன்னார்.

நம் மண்ணில் இந்தப் பந்திப் பிரச்சினைக்கு நீண்ட வரலாறு உண்டு. தஞ்சாவூர், வேப்பேரி போன்ற பழைய சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்காருவதும், திருவிருந்துப் பாத்திரத்தில் சாதி வரிசைப்படி பருகுவதும் வழக்கமாயிருந்தன. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பி, சபைக்குள் சாதி வேற்றுமையைத் தயக்கமின்றி, உடனே, இறுதியாக விட்டுவிட வேண்டும் என்றார். தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். எத்தனையோ கீர்த்தனைகளை நமக்குத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்த உத்தரவை எதிர்த்து நின்றார். அவர் பாடல்களை இன்றும் கண்ணீரோடு பாடுகிறேன். இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது.

கத்தோலிக்கர்களிடையே திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தைச் சொல்ல வேண்டும். ஒரே பீடத்தை இரண்டு தனித்தனிக் கூடங்களிலிருந்து பார்க்கும்படி அந்தக் கோவில் கட்டப்பட்டது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவில் தடுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை மீட்க வெள்ளாளர் தரப்பு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. கோவிலில் சுவர் விழுந்தது. கல்லறைத் தோட்டங்களில் சில ஊர்களில் இன்னும் நிற்கிறது.

திருமண விளம்பரப் பகுதியில் ஞாயிறு தோறும் வரும் வரிகளைப் பாருங்கள். "ஞானஸ்நானம் பெற்ற, ஆவிக்குரிய" என்று தொடங்கி, சாதிப் பெயரில் போய் நிற்கும். ஆவிக்குரிய வாழ்க்கைக்கு அந்தக் கடைசிச் சொல் ஏன் தேவைப்படுகிறது? நகைக்குத் தடை போடும் சபைகளும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற கலாத்தியர் 3:28, பேதுருவைக் கண்டித்த அதே நிருபத்தில், அடுத்த அதிகாரத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மகள் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு விசுவாசியை விரும்புவதாகச் சொன்னால் அன்றைக்குத்தான் உங்கள் ஞானஸ்நானத்துக்குச் சோதனை. அந்தப் பையனின் குணம், வேலை, தேவபயம் ஆகியவற்றை விசாரியுங்கள்; பெற்றோரின் கடமை அது. சாதியை மட்டும் விசாரித்துவிட்டு "ஜெபித்தோம், சமாதானம் இல்லை" என்று சொல்லாதீர்கள். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்ற கட்டளைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

வரதட்சணை நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள். இதிலும் தவறா?

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். நாட்டின் சட்டத்தையாவது காப்பாற்றுங்கள். மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண அறிவிப்பு வாசித்து "தடை இருந்தால் தெரிவிக்கவும்" என்று கேட்கிறோம். பெண்வீட்டார் நிலத்தை விற்றிருப்பது சபைக்கே தெரியும். ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

வியாபாரத்தில், அலுவலகத்தில் நூறு சதவீதம் உண்மையாக இருக்க முடியுமா?

கடினம்தான். ஆனால் முடிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், அதுவும் நம் ஊரிலேயே. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798இல் தஞ்சாவூரில் இறந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயரின் வாக்கை நம்பாத ஹைதர் அலி, அந்தக் கிறிஸ்தவர் வந்தால் பேசலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். 1779இல் சுவார்ட்ஸ் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார். அங்கே கிடைத்த அன்பளிப்புப் பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் ஆங்கிலேய அரசிடம் ஒப்படைத்தார். திரும்பவும் அவரிடமே கொடுக்கப்பட்டபோது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்காக ஒதுக்கினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு போரும் பஞ்சமும் தஞ்சையைச் சூழ்ந்தன. அரசு பணம் தராது என்று அனுபவப்பட்டிருந்த விவசாயிகள் நெல் கொண்டுவர மறுத்தார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னதும் மாடுகளும் நெல்லும் வந்து சேர்ந்தன. அவர் சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தை அந்த விவசாயிகள் வாசித்திருக்கமாட்டார்கள். அவரைப் பார்த்திருந்தார்கள். சாதிவாரி இருக்கையை அவர் காலத்திலும் சபை விட்டுவிடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

மாயூரத்தில் முன்சீபாக, அதாவது உள்ளூர் நீதிபதியாக, இருந்த, 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளையும் நினைவுக்கு வருகிறார். கத்தோலிக்கர், லஞ்சத்தைக் கண்டித்துப் பாடியவர். 1876-78 பெரும்பஞ்சத்தில் தன் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தார். அதைக் கண்டு, சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் "நீயே புருஷ மேரு" என்று அவரைப் புகழ்ந்து பாடினார்.

இன்று நீங்கள் செய்யக்கூடியது: பில் போடாத விற்பனையை நிறுத்துவது, காலாவதி தேதியைச் சுரண்டிய பாக்கெட்டைத் தூக்கி எறிவது, உங்கள் மேஜைக்கு வந்த கோப்பைக் காரணமின்றி நிறுத்தி வைக்காமலிருப்பது. இவற்றில் ஒன்றில் நஷ்டப்பட்டாலும் அது வேதபாட வகுப்பில் கற்றுக்கொள்ள முடியாத பாடம்.

ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை. உணர்வில்லாமல் ஜெபிப்பது மாய்மாலம்தானே?

இல்லை. மாயக்காரன் மனிதர் காணும்படி செய்கிறவன். நீங்கள் யாருமில்லாத அறையில், ஒன்றும் தோன்றாத நாளிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைவிட உண்மை என்ன வேண்டும்? 88ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் மகனை இயேசு சுகமாக்காமல் அனுப்பவில்லை. வார்த்தை வராவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள், ஞானப்பாட்டு ஒன்றை வாசியுங்கள். எழுதிவைத்த ஜெபம் இருப்பதே இந்த நாட்களுக்காகத்தான்.

பிள்ளைகளை வற்புறுத்தி ஆலயத்துக்கு அழைத்துப்போகலாமா?

சிறுவயதில் அழைத்துப்போங்கள், பள்ளிக்கு அனுப்பும்போது விருப்பம் கேட்பதில்லை. வளர்ந்தபின் அவர்கள் பார்ப்பது வீட்டை. குடும்ப ஜெபம் முடிந்த கையோடு வாடகைக்கு இருப்பவரிடம் முன்பணத்தைத் திருப்பித் தரமுடியாது என்று அப்பா போனில் கத்துவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இருபது வயதில் ஆலயத்துக்கு வராததற்கு இணையத்தைக் குறை சொல்ல முடியாது.

பழைய நாட்களில் ஒருவரை ஏமாற்றிப் பணம் சேர்த்தேன். இப்போது மனந்திரும்பிவிட்டேன். அந்தப் பணத்தை என்ன செய்வது?

திருப்பிக் கொடுங்கள். சகேயு இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டபோது சாட்சி சொல்லவில்லை, கணக்குச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. அதன்பிறகே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு (லூக்கா 19).

ஏமாந்தவர் இறந்துபோயிருந்தால்? எண்ணாகமம் 5:7-8 இதற்கு வழி சொல்கிறது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவருக்குக் கொடு. அவர் இல்லாவிட்டால் நெருங்கிய உறவினருக்கு. அவரும் இல்லாவிட்டால் கர்த்தருக்கு, ஆசாரியனைச் சேரும்படி. ஆகவே முதலில் அவருடைய பிள்ளைகளைத் தேடுங்கள். தயங்காமல் அவர்கள் வீட்டுக்கே போய், எதற்கான பணம் என்று சொல்லிக் கொடுங்கள். "பழைய கடன்" என்று மழுப்ப வேண்டாம். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருமே இல்லையென்றால் சபையின் ஏழைகள் நிதியில் போடுங்கள், ஆனால் நன்கொடையாக எழுதாதீர்கள். அந்தப் பணம் உங்களுடையது அல்ல. ஆலயச் சுவரில் உங்கள் பெயரோடு கல்வெட்டு வைப்பதாக யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.